தாள் இல்லாத பாக்கெட்டுகள்

ஜனவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நானும் உங்கள் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், என் தங்கச்சி பாப்பா எப்படி இருக்கிறாள் என்பதை ஒளிக்காமல் எழுதவும்.

நேற்று நீங்கள் ஃபோனில் பேசியதை அக்கா எனக்குத் திருப்பிச் சொன்னாள். அதில் பாதி அவளுடைய அழுகை. மீதியில் எனக்குப் புரிந்தது, கீமோ இரண்டாம் சுற்று ஆரம்பித்துவிட்டார்கள், பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை, எட்டு முறை, பத்து முறை என்று போகிறது. என் காதைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகப் பாக்கெட் அடிக்கும் மிஷின் பக்கத்தில் நின்ற காது. ஃபோனை வைத்தால் இரைச்சல்தான் கேட்கிறது. அதனால் இனிமேல் நமக்குள் கடிதம்தான். யாரும் யாரிடமும் கத்த வேண்டியதில்லை.

இத்துடன் நாற்பது பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். எங்கள் கம்பெனிச் சரக்கு. வயிற்றுக்கு நல்ல கிருமி. புரோபயாடிக் என்று கடையில் கேட்டால் யானை விலை சொல்வான். எங்களுக்கு மாதா மாதம் ஒரு பெட்டி சும்மா கிடைக்கிறது. எடை இம்மி கூடினாலோ குறைந்தாலோ மிஷின் தள்ளிவிடும், அதையெல்லாம் சேர்த்து ஊழியர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அட்டைப்பெட்டி இருக்காது, உள்ளே வைக்கிற தாளும் இருக்காது, வெறும் பாக்கெட்டுதான். சரக்கு ஒன்றே. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, வெந்நீர் வேண்டாம், ஆறின தண்ணீரில் கலந்து கொடுங்கள். வெந்நீரில் கிருமி செத்துவிடும். செத்த கிருமியால் என்ன பிரயோஜனம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், முதல் நாலைந்து நாள் வயிறு உப்பும். உங்கள் அக்கா முதல் முறை குடித்துவிட்டு மத்தளம் மாதிரி ஆகிவிட்டாள். ஒரு வாரம் நான் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்கினேன். இதை நான் எழுதினேன் என்று அவளிடம் சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகு கடிகாரம் மாதிரி எல்லாம் சரியாகிவிட்டது.

பாப்பாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உடல்நிலை பற்றி உடனே பதில் போடவும்.

உங்கள்
மச்சான்


ஜனவரி 24

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் காதும் அக்காவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

பாக்கெட்டுகள் வந்து சேர்ந்தன. வார்டில் வெளிப் பொருள் எதுவும் கொண்டுவரக்கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பழம்கூட உள்ளே விடமாட்டார்கள். பாக்கெட்டுகளை என் டூல் பையில், ஸ்பேனருக்கு அடியில் வைத்துக் கொண்டுபோகிறேன். லிஃப்ட் ரிப்பேர்க்காரன் பையை யாரும் கிளறிப் பார்ப்பதில்லை. காவலாளி, "இங்க லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது" என்று மட்டும் ஒரு நாள் கேட்டான்.

பாப்பாவின் கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். மருந்து, ரத்தம் எல்லாம் அதன் வழியாகத்தான். ஒவ்வொரு முறையும் கையில் குத்தித் தேடவேண்டியதில்லை. சட்டை மாற்றும்போது அது இழுபடாமல் நான் ஏந்திப் பிடிக்கிறேன். கட்டிலை ஒட்டிய சின்ன மேஜையில் வைத்துத்தான் பொடியைக் கலக்குகிறேன். மாவைவிட மெல்லிசாக இருக்கிறது, பல்லால் கிழித்தால் மூச்சுக்கே பறக்கிறது. விரிப்பிலும் விரலிலும் ஒட்டிக்கொள்கிறது. நர்ஸ் வரும் சத்தம் கேட்டால் துடைத்துவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பாப்பா சிவப்புப் பேனாவால் திருத்தினாள். பதினேழு பிழையாம். கணக்கு டீச்சர் தமிழையும் விட்டுவைக்கவில்லை. "மிஷின் பக்கத்துல நின்னா காதுதானே போகும், எழுத்துமா போகும்னு அண்ணன்கிட்ட கேளுங்க" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். முடி முழுக்கப் போய்விட்டது. சிரிக்கும்போது பழைய முகம்தான்.

வயிற்றுப்போக்கு நேற்று ஆறு முறை. குறைகிறது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
மாப்பிள்ளை


பிப்ரவரி 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். அக்காவின் முழங்கால் அப்படியேதான், படி ஏறும்போது என்னைத் திட்டுகிறது.

எட்டிலிருந்து ஆறு என்று படித்ததும் எனக்கு ஒரு வாய் கூடுதலாகச் சாப்பாடு இறங்கியது. நான்தான் சொன்னேனே. பேக்கிங் பிரிவு முழுக்கச் சொல்லிவிட்டேன், நம்ம சரக்கு என் தங்கச்சியைக் காப்பாற்றுகிறது என்று. இத்தனை வருடமாக என்ன அடைக்கிறோம், யாருக்குப் போகிறது என்று தெரியாமலே அடைத்துக்கொண்டிருந்தோம். இப்போது பெல்ட்டில் ஓடுகிற பாக்கெட்டைப் பார்த்தால் ஒவ்வொன்றும் பாப்பாவுக்குப் போகிற மாதிரி இருக்கிறது.

இன்னும் அறுபது அனுப்பியிருக்கிறேன். மற்றவர்களின் பங்கையும் கேட்டு வாங்கினேன். இனிமேல் மூன்று வேளை கொடுங்கள். டாக்டர்களுக்கு இதெல்லாம் பிடிக்காது, அவர்கள் கவலை அவர்களுடைய மருந்தோடு. கேட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாப்பா, இதைப் படித்தால்: இந்தக் கடிதத்தில் பிழை பத்துக்கு மேல் போகாது. பந்தயம்.

உடல்நிலை பற்றி அடிக்கடி எழுதவும்.

உங்கள்
மச்சான்


பிப்ரவரி 16

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அறுபதும் வந்தன. மூன்று வேளை கொடுக்கிறேன். போன வாரம் வயிற்றுப்போக்கு இரண்டு முறையாகக் குறைந்திருந்தது. வயிறு உப்பியிருந்தது, நீங்கள் எழுதியிருந்ததால் நாங்கள் பயப்படவில்லை.

நேற்றுக் காலையிலிருந்து காய்ச்சல். முதலில் குளிர் வந்தது, மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடியது. ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள். அதை வளர்த்துப் பார்த்துத்தான் என்ன கிருமி என்று சொல்வார்களாம், சில நாள் ஆகும். அதுவரைக்கும் பெரிய மருந்தாக ஒன்று ஏற்றுகிறார்கள். வெள்ளை அணு ஏறக்குறைய இல்லை என்கிறார்கள். நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து ஏதேதோ கேட்டு எழுதிக்கொண்டார்.

பாப்பா பேச்சைக் குறைத்துவிட்டாள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பேனாவைக் கேட்டாள். பிறகு வேண்டாம் என்றாள்.

அக்காவுக்கு ஃபோன் செய்கிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று தெரியவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

நான் அங்கிருந்து ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. பாப்பாவின் உடம்பைக் கேட்காமல் ஒரு கடிதம் எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பெனியில் ஆய்வு என்று லீவு கொடுக்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இருந்துவிட்டேன். நான் வந்து சேர்ந்தபோது அவள் முகத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது. ஆஸ்பத்திரிக் கிருமி என்று நீங்கள் சொன்னீர்கள். நோய் தீர்க்கிற இடத்தில் நோய் பிடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது.

ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளுடைய பொருள்களை அலமாரியிலிருந்து எடுத்தபோது, நான் அனுப்பிய பாக்கெட்டில் முப்பது போல மிச்சம் இருந்தன. நான் கையில் எடுத்தேன். நீங்கள் வாங்கி, தண்ணீரில் கரைத்து, கழிவறையில் ஊற்றிவிட்டீர்கள். ஒவ்வொன்றாகக் கிழித்து ஊற்றினீர்கள். துக்கத்தில் மனிதன் என்னவோ செய்வான் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் பிப்ரவரிக்குப் பிறகு நீங்கள் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. என் மேல் ஏதாவது வருத்தமா? லீவு போட்டு வரவில்லை என்றா? அப்படியென்றால் நேராகத் திட்டி எழுதுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

வீட்டில் தனியாக இருக்க வேண்டாம், இங்கே வந்து பத்து நாள் இருங்கள் என்று அக்கா சொல்கிறாள். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
மச்சான்


மே 2

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உங்கள் நலமும் அக்காவின் நலமும் அறிய விருப்பம்.

உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அப்படி நினைக்கவே வேண்டாம்.

வேலைக்குப் போகிறேன். இந்த மாதம் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் கயிறு மாற்றுகிறோம். லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து இருட்டில் மேலே போய்க் கீழே வருவதுதான் நாள் முழுக்க. அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை, அது வசதியாக இருக்கிறது. சாப்பாடு வெளியே. வீட்டில் பாப்பாவின் மேஜையை அப்படியே விட்டிருக்கிறேன். அவளிடம் படித்த பெண்கள் சிலர் வந்தார்கள். உட்காரச் சொன்னேன், பிறகு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர்களும் பாவம், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள்.

இப்போதைக்கு வர முடியாது. அக்காவிடம் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். எனக்கு நாலு நாளாகத் தூக்கம் இல்லை, மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். பெட்டிக்குள் தாள் வைக்கிற மிஷின் திங்கட்கிழமை சிக்கிக்கொண்டது. கையால் வைக்கச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு கட்டுத் தாள். இத்தனை வருடத்தில் நான் அந்தத் தாளைத் தொட்டதே இல்லை, என் வேலை பாக்கெட்டோடு முடிந்துவிடும். ஆயிரம் தாள் மடித்து வைத்தால் கண் தானாக ஏதாவது ஒரு வரியில் போய் நிற்கும் இல்லையா? அப்படி நின்றது. கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். பார்த்து எழுதுகிறேன்:

நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள், ரத்தக் குழாயில் குழாய் பொருத்தப்பட்டவர்கள் இதை உட்கொள்ளக் கூடாது. இக்கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். இத்தகைய நோயாளிகளின் அருகில் பாக்கெட்டைத் திறக்கவும் கூடாது.

நான் தாளை எடுத்துக்கொண்டு மேற்பார்வை அம்மாவிடம் போனேன். "இது எப்போ போட்டது?" என்றேன். "கட்டம் இப்போதான் போட்டாங்க. விஷயம் எப்பவுமே இருக்கு" என்றார். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார். குடோனில் பழைய தாளைத் தேடி எடுத்தேன். பின்பக்கம், கடைசிக்கு முந்தின வரி. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. ஆனால் இருந்தது.

நான் அனுப்பியது தாள் இல்லாத பாக்கெட். டாக்டரைக் கேட்க வேண்டாம் என்றும் நான்தான் எழுதினேன். மூன்று வேளை கொடுங்கள் என்றும் நான்தான் எழுதினேன்.

மாப்பிள்ளை, அந்தக் காய்ச்சல் இதனாலா? டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்? எனக்கு ஒரு வார்த்தை போதும். அக்காவிடம் இதைப் பற்றி நான் சொல்லவில்லை. கடிதத்தில் எழுதுங்கள், ஃபோனில் வேண்டாம்.

பதில் வரும்வரை என் உடம்பைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.

மச்சான்


ஆகஸ்ட் 3

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். வெளியூர் வேலையில் மாட்டிக்கொண்டேன். உங்கள் தூக்கம் இப்போது எப்படி இருக்கிறது?

நீங்கள் கேட்டதைப் பற்றி. அது ஆஸ்பத்திரிக் கிருமி. குழாய் வைத்தவர்களுக்குச் சில சமயம் வரும் என்றார்கள். உங்கள் பொடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் டாக்டரிடமே கேட்டேன். பொடியால் ஒன்றும் ஆகாது, தாளில் போடுவதெல்லாம் கம்பெனிக்காரர்கள் ஒரு பாதுகாப்புக்குப் போடுவது என்று சொன்னார். அவளுக்கு வந்த நோய் அப்படி. யார் என்ன செய்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

இதை மனதில் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். நன்றாகத் தூங்குங்கள். அக்காவுக்கு என் வணக்கம்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். இந்த வார்த்தையை இரண்டு மாதம் கழித்து உண்மையாக எழுதுகிறேன். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் பேருந்திலேயே நின்றுகொண்டு படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. நெஞ்சில் வைத்திருந்த கல்லை நீங்கள் தூக்கி வெளியே போட்டுவிட்டீர்கள். அன்று வீட்டுக்கு வந்து பாப்பாவுக்காக முதல் முறையாக ஒழுங்காக அழுதேன். அதுவரைக்கும் அழுகைகூட எனக்காக வந்த மாதிரிதான் இருந்தது.

இங்கே லேபிள் ஒட்டும் மிஷினில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். அவள் கணவருக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறார்கள். அது ஒட்ட வேண்டும் என்று உடம்பின் எதிர்ப்பை அடக்க மருந்து கொடுக்கிறார்கள். ஒரு மாதமாக வயிறு சரியில்லையாம், ஆள் நாராகிவிட்டாராம். "அண்ணே, உங்க பங்கையும் சேர்த்துத் தாங்களேன்" என்று ஜூலையிலிருந்து கேட்கிறாள். நான் அந்தத் தாளைக் காட்டி மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அவள் பங்கையும் கொடுக்காதே என்று சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தேன். இப்போது டாக்டரே சொன்னதாக உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. வருகிற 25-ஆம் தேதி எங்கள் பெட்டி கிடைக்கும். என் பங்கை அப்படியே கொடுத்துவிடப்போகிறேன். பாப்பா பெயரைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உடம்பு முக்கியம்.

உங்கள்
மச்சான்


ஆகஸ்ட் 19

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கெடுக்கத்தான் இந்தக் கடிதம்.

நேற்று உங்கள் கடிதம் வந்ததும் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பொடியை யாருக்கும் கொடுக்க வேண்டாம், லேபிள் மிஷின் பெண்ணுக்குக் கண்டிப்பாக வேண்டாம், மச்சானிடம் இன்றைக்கே எழுதிக் காட்டுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். மச்சானுக்குக் கடிதத்தில் எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். கொடுக்காதீர்கள் மச்சான். அவள் கணவருக்கும் பாப்பாவுக்கும் நிலைமை ஒன்றுதான்.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வந்த அன்று நர்ஸ் படிவத்தோடு வந்து கேட்டார், "வெளியில இருந்து சத்துப் பொடி, மாத்திரை, ஏதாவது குடுத்தீங்களா?" நான், "இல்ல சிஸ்டர்" என்றேன். பாக்கெட்டுகள் என் காலடியில், பைக்குள் இருந்தன. திட்டுவார்கள், இனிமேல் உள்ளே விடமாட்டார்கள் என்று பயம். பாப்பா என்னைப் பார்த்தாள். அவர் போன பிறகு, "சொல்லியிருக்கலாமே" என்றாள். "பொடிதானே, அதுல என்ன" என்றேன். அதற்குப் பிறகும் கொடுத்தேன். காய்ச்சலில் அவளால் தலையைத் தூக்க முடியவில்லை, நான் கழுத்தைத் தாங்கிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் டாக்டர் என்னைத் தனியாக ஒரு அறைக்குக் கூப்பிட்டார். ரத்தத்தில் வளர்ந்தது ஆஸ்பத்திரிக் கிருமி இல்லை, ஒரு வகை ஈஸ்ட் என்றார். அதன் பெயரைச் சொன்னார். உங்கள் பாக்கெட்டில் அச்சடித்திருக்கிற அதே பெயர். "இது சாதாரணமா ரத்தத்துல இருக்காது. மறைக்காம சொல்லுங்க" என்றார். பையைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டார். இன்று காலை என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "நல்லா இருக்கிறவங்களுக்கு இது ஒண்ணும் செய்யாது. மிஞ்சிப் போனா வயிறு உப்பும். இவங்க உடம்புல காவலுக்கு ஆளே இல்ல. குடல் வழியா போயிருக்கலாம், உங்க விரல்ல இருந்து அந்தக் குழாய் வழியாவும் போயிருக்கலாம்" என்றார். அதுவரை ஏற்றிக்கொண்டிருந்த மருந்து ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாதாம். அன்றே மருந்தை மாற்றினார்கள், குழாயை எடுத்தார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் என்று நான் கேட்டேன். "அதை இப்போ பேச வேண்டாம்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். ரத்த அழுத்தம் இறங்கியது, சிறுநீர் நின்றது. நினைவு இருந்த கடைசி நாளில், "ஏன் குழாய எடுத்துட்டாங்க?" என்றாள். பழசாகிவிட்டது என்றேன். "பொடியா?" என்றாள். நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவளுக்குக் கணக்குப் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. "அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். அதற்குத்தான் ஆகஸ்டு வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. உங்களிடம் பொடியைப் பற்றிச் சொன்னால் என்னுடைய 'இல்லை'யையும் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் தெரியாமல் அனுப்பினீர்கள். நான் கேட்ட பிறகும் மறைத்தேன். இரண்டும் ஒன்றில்லை. இதை மட்டும் நம்புங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியாவது ஒரு வரி எழுதுங்கள்.

மாப்பிள்ளை


டிசம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? உங்கள் மச்சானைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், அவர் சுகமா என்று எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்டில் நீங்கள் ஃபோன் செய்ததை அன்றே எழுதிக் காட்டினேன். அவர் யாருக்கும் பொடி கொடுக்கவில்லை. லேபிள் மிஷின் பெண் வீட்டுக்கே வந்து கேட்டாள். இவர் அவளிடம் தாளை நீட்டி, "டாக்டர்ட்ட இதைக் காட்டு, காட்டாம எதுவும் குடுக்காத" என்று நாலு முறை சொன்னார். அவள் கணவர் தேறிவிட்டாராம், வேறு மருந்தில். அதைச் சொல்ல வந்தபோது இவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

நீங்கள் ஃபோன் செய்த நாலைந்து நாளில் உங்கள் கடிதம் வந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது பிரித்தார். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார். மறுநாள் பேக்கிங் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு லாரியில் பெட்டி ஏற்றும் பிரிவுக்குப் போய்விட்டார். ஐம்பத்து நாலு வயதில் மூட்டை தூக்குகிறார். மாலையில் வந்தால் முதுகை நிமிர்த்த முடியவில்லை. தைலம் தேய்க்க வந்தால் வேண்டாம் என்கிறார். மாதப் பெட்டியை வாங்குவதில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய மூன்று கடிதமும் அலமாரியில் இருக்கின்றன. வந்ததும் உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்க்கிறார், வைத்துவிடுகிறார். கிழித்துப் போடவும் இல்லை. ஒன்றைப் பிரித்துப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் என்னிடம் அப்படிச் சத்தம் போட்டதில்லை. "உங்களுக்குள்ள என்னதான் நடந்துச்சு?" என்று எழுதிக் காட்டினேன். காகிதத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

தம்பி, பாப்பா போய்ச் சேர்ந்துவிட்டாள். இருக்கிற இரண்டு ஆண்களும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் போனால் நான் யாரிடம் கேட்பது? அந்தக் கடிதத்தில் என்ன எழுதினீர்கள்? பொடியைக் கொடுக்க வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள்? எனக்குச் சொல்லுங்கள். கெட்டதாக இருந்தாலும் சொல்லுங்கள். தாங்கிக்கொள்வேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா


டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் குளிரில் எப்படி இருக்கிறது?

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தில் பாப்பாவின் கடைசி நாள்களைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுதிவிட்டேன். எழுதியிருக்கக் கூடாது. அது மச்சானைப் பாதித்துவிட்டது, வேறொன்றும் இல்லை. பொடி விஷயம், இந்த மாதிரி நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பிறகு கேள்விப்பட்டேன், அதனால் சொன்னேன். பாப்பா போனது அவளுடைய நோயால்.

அலமாரியில் இருக்கிற மூன்று கடிதங்களிலும் ஒன்றும் கிடையாது. நலமா, வேலை எப்படி என்று விசாரித்திருக்கிறேன், அவ்வளவுதான். பிரிக்காமலே இருக்கட்டும். அவரை வற்புறுத்தாதீர்கள். இனிமேல் நானும் எழுதவில்லை.

முதுகுவலிக்கு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வலி தெரியாமலிருக்கக் கண்டதையும் வாங்கி விழுங்கப்போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி அவர் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் சொல்ல வேண்டாம்.

அன்புடன்
தம்பி